குடிக்கத் தகுந்தது

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்: 'இப்பள்ளி எனக்களித்த நீங்காத நன்மைகள்.' இரண்டு பக்கம். முன்னாள் மாணவி, இந்நாள் தண்ணீர்ப் பரிசோதகர் என்று படத்தோடு போடுவார்களாம்.

எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. என்ன நன்மை? ஜெபத்துக்கு முட்டி போட்டுப் போட்டு இரண்டு முட்டியும் காய்த்துப்போயிருக்கிறது. மணி அடித்தால் வாயிலிருப்பதை விழுங்கிவிட்டு எழுந்து நிற்கிறேன், அது பக்கத்து வீட்டு அழைப்பு மணியாக இருந்தாலும். அப்புறம் அந்த ஆத்ம சோதனை — தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி அன்று செய்த தப்பைத் தேட வேண்டும். ஞானஸ்நானம் வாங்காத எனக்கும் விலக்கு கிடையாது. தப்பே அகப்படாத நாளில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வேன்.

இப்போது அக்கா மகள் அதே விடுதியில். ஒன்பதாம் வகுப்பு. பாவம்.

மார்ச் 5, வியாழன்

அந்த விடுதியின் தொட்டித் தண்ணீர் செவ்வாயன்றே எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தது. உரிமம் புதுப்பிக்க எங்கள் அறிக்கை வேண்டும். இன்று முடிவு தெரிந்தது. மலக்கிருமி. கொஞ்சநஞ்சமில்லை. கழிவுத் தொட்டி எங்கோ கசிகிறது. நூற்றெண்பது பெண்பிள்ளைகள் குடிப்பது இதைத்தான்.

'குடிக்கத் தகாதது' என்று எழுதினேன். மேலாளர் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடாதே, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.

இதில் பேச என்ன இருக்கிறது?

மார்ச் 6, வெள்ளி

மதரே வந்துவிட்டார். தலைமை ஆசிரியை, விடுதிக்கும் அவர்தான் எல்லாம். மேலாளர் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பதினாலாம் தேதி விழா. இப்ப விடுதியை மூடினா நூறு வருஷப் பேரும் போயிடும்மா. விழா முடிஞ்ச மறுநாளே தொட்டியை இடிச்சுக் கட்டிடறேன். நீ எங்க பொண்ணு. ஒன்பதே நாள்."

எட்டாம் வகுப்பில் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் நெற்றிக்கு ஈரத்துணி போட்ட கை அது. என் கையைப் பிடித்துக்கொண்டது.

போட்டுட்டேன். 'குடிக்கத் தகுந்தது.' என் பேரு, என் கையெழுத்து, என் முத்திரை. எழுத்து என்னமோ முத்து முத்தாத்தான் இருக்கு — அதையும் அவங்கதானே சொல்லிக் கொடுத்தாங்க. த்தூ.

மார்ச் 7, சனி

சாப்பிடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

விடுதியில் பெற்றோர் பார்க்கும் நாள். அக்கா வெளியூரில் வேலை பார்ப்பதால் எப்போதும் நான்தான் போவேன். இன்று இரண்டு பெரிய தண்ணீர் கேனோடு போனேன்.

"எதுக்கு சித்தி இது?"

"உனக்குத்தான் அடிக்கடி தொண்டை கட்டுதே. இதை மட்டும் குடி. குழாய்த் தண்ணியைத் தொடாதே."

"சரி சித்தி."

என்னமாய்ப் பொய் வருகிறது எனக்கு. முன்பல் விழுந்த ஒரு குட்டி, மூன்றாம் வகுப்பு இருக்கும், குழாயில் ஒரு டம்ளர் பிடித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது. "ஆன்ட்டி, தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் என்றேன். அது நின்ற இடத்திலேயே மடமடவென்று குடித்துவிட்டு ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

நம்ம பிள்ளைக்குக் கேன், மத்த பிள்ளைங்களுக்கு மலம். இதைவிடக் கேவலமா ஒருத்தி இருக்க முடியுமா?

மார்ச் 9, திங்கள்

அக்கா போன் செய்தாள். "ரெண்டு கேனையும் சாப்பாட்டு மேசையில வச்சுட்டாளாம்டி. ஒரே வேளையில காலியாம். அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்தது வீண் போகல, பாத்தியா." குரலில் பெருமை தாங்கவில்லை.

எப்படி மறந்தேன்? வீட்டிலிருந்து எது வந்தாலும் பொது மேசைக்குப் போக வேண்டும். விடுதியின் முதல் சட்டம். ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு என் தின்பண்டத்தையெல்லாம் அந்த மேசையில் வைத்தவள் நான். வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். அவள் சந்தோஷமாக வைத்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து அவளும் குழாய்த் தண்ணீர்தான்.



மார்ச் 10, செவ்வாய்

அறிக்கையைத் திரும்பப் பெற்று, 'குடிக்கத் தகாதது' என்று புதிதாகக் கொடுத்தேன். திருத்தத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் 'தட்டச்சுப் பிழை' என்று போட்டேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இதையாவது புத்தியோட செஞ்சிருக்கே" என்றார். அவர் பாராட்டும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

சாயங்காலமே விடுதியை மூடிவிட்டார்கள். எட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில். அந்தப் பல் விழுந்த குட்டியும். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். அக்கா மகளுக்கு ஒன்றுமில்லை, இங்கே என்னோடு இருக்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று பள்ளியில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டியிருந்தார்கள். நான் போகவில்லை. அக்கா மகள் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மதர் மேடையில ஏறல சித்தி. கீழேயே நின்னாங்க. 'தண்ணி கெட்டது எனக்குத் தெரியும். விழாவுக்காக மறைச்சேன். நல்ல அறிக்கை வேணும்னு நானே போய்க் கேட்டேன்'னாங்க. விழா கிடையாதாம். அவங்களும் பதவியை விட்டுட்டாங்க."

"யாருகிட்ட கேட்டாங்கன்னு சொன்னாங்களா?"

"ஒரு அப்பா எழுந்து அதைத்தான் கேட்டாரு. 'என் தப்பை நான் சொல்லிட்டேன். அவங்க தப்பை அவங்கதான் சொல்லணும்'னுட்டாங்க."

எனக்கு அந்தக் கிழவி மேல் வந்த ஆத்திரத்தை எழுதி மாளாது. வந்து கேட்கவும் கூசவில்லை, ஊர் முன்னால் சொல்லவும் கூசவில்லை. நான்? இன்னும் பிழை, திருத்தம் என்று காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

கடிதம் கொடுத்தேன். 'தட்டச்சுப் பிழை அல்ல. முடிவு தெரிந்தே கையெழுத்திட்டேன்.' மேலாளர் படித்தார். "நீ முழுகறதும் இல்லாம என்னையும் சேர்த்து இழுக்கிறியே" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அக்கா மகளை எதிரே உட்கார வைத்து அந்த அறிக்கையைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்போ தெரிஞ்சுதான் எனக்கு மட்டும் கேன் வாங்கிட்டு வந்தீங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.