ஆய்த்து

போன ஞாயிறு காலை உன் வீட்டு வாசலில் இருபது பழைய ஸ்கூட்டர்கள் ஒன்றாகப் புகை விட்டன. ஆயில் எரியும் அந்த வாடை உனக்குப் பிடிக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உன் நினைவாக ஒரு ரைடாம். லிங்கராஜபுரம் தெருவை அடைத்து ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் உன் முகத்தைவிட ஏதோ ஒரு காபிக் கடையின் பெயர் பெரிது. முன்வரிசையில் ரோஜா மாலையோடு உன் ஸ்கூட்டர். உன் மைத்துனர் அந்தப் பழைய ஸ்கூட்டர் கிளப்புக்கே கொடுத்துவிட்டாராம். நீ பார்த்துப் பார்த்துக் கலந்த சாம்பல் நிறத்தின் மேல் வெண்ணெய் நிறத்தை அப்பி, கல்யாண கேக் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

ஜீவனஹள்ளி பழைய இரும்புக் கடையில் துருவாகக் கிடந்ததை நாம்தான் எடுத்து வந்தோம். எட்டு மாதம் அதோடு கிடந்தோம். கன்னியாகுமரி போய் ஒன்றரை நாளில் திரும்ப வேண்டும், ஆள் மாற்றி ஆள் ஓட்டலாம். கிளப்பில் சேர அதுதான் தேர்வு. அதற்காகப் பெரிய டேங்க் வைத்தாய். சீட்டுக்கு மூன்று தடவை ஸ்பாஞ்சு மாற்றினாய். கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் இழுத்துக் கட்டினாய், வழியில் அறுந்தால் முனையை மட்டும் மாற்றிப் போட. "ரோட்ல யோசிக்கக் கூடாது குரு, வீட்லயே யோசிச்சிடணும்" என்பாய். எல்லாவற்றையும் யோசித்தாய். என்னை யோசிக்கவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் முதல் தடவையாக டேங்கை முழுக்க நிரப்பினோம். அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் நாமே ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் காய்ந்து இறுகிவிடும். நீ டயருக்குக் காற்றுப் பார்க்கப் போனாய். "ஆயில் பாத்துக்கோ குரு" என்று அங்கிருந்தே சொன்னாய். நான் போனில் ஆபீஸ்காரனோடு சண்டையில் இருந்தேன். "ஆய்த்து, ஆய்த்து" என்றேன்.

நம் ஊர்த் தமிழில் ஒட்டிக்கொண்ட கன்னடச் சொல். 'சரி, செய்கிறேன்' என்பதற்கும் அதுதான், 'செய்தாயிற்று' என்பதற்கும் அதுதான். நான் முதலாவதைச் சொன்னேன், நீ இரண்டாவதைக் கேட்டாய். திரும்பி வந்து, ஆயில் கலக்கட்டும் என்று வண்டியை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டு கிக்கரை உதைத்தாய். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன்.

தொப்பூர் இறக்கத்தில் பின்சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டது. லாரிகளுக்கு நடுவே விழாமல் ஓரங்கட்டியது உன் கை. சாலையோர மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"சொட்டு ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்களே சார். யாரு ஊத்துனது?"

நான் உன்னைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். வழிக்கென்று வாங்கிய ஆயில் பாட்டில் என் தோள்பையில் இருந்தது. அது உனக்கும் தெரியும்.

"நான்தான் மறந்துட்டேன்" என்றாய்.

கிளப் உனக்கு 'டிரை பெட்ரோல்' என்று பட்டப்பெயர் வைத்தது, சேர்த்துக்கொள்ளவில்லை. நீ புது பிஸ்டன் போட்டு மறுபடி கிளம்பத் தயாரானபோது மாரடைப்பு முந்திக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த ஒவ்வொருவன் மேலும் இன்றுவரை கறுவிக்கொண்டிருக்கிறேன். அப்போது நானும் கூடச் சிரித்தேன்.

ஞாயிறன்றும் விடவில்லை. கிளப் தலைவன் தோல் ஜாக்கெட்டுக்குள் வேர்த்தபடி மைக்கில் சொன்னான்: "லெஜெண்டுங்க அவரு. ஆயில் ஊத்த மட்டும் மறந்துடுவாரு." கூட்டம் சிரித்தது. உன் மனைவியும், வந்தவர்களுக்காக, உதட்டை விரித்தார். அவர் இன்னும் அதை நம்புகிறார்.

மைக் என்னிடம் வந்தது. "சார், நீங்கதானே கூடப் போனீங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க."

"ஆய்த்து" என்றேன்.

பேசவில்லை. மைக்கைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்துப் பார்த்தேன். பாட்டில் இன்னும் அதிலேயே இருக்கிறது. சீல் உடைக்கவில்லை.