ஆறு மணி ஜெபம்

திட்டினாலும் சிரித்துக்கொண்டே திட்டும் என் அன்பு சாமுவேல் மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஒரு நல்ல மனுசரைப் படுக்கையிலிருந்து எழுப்பினேன். அவர் ஏற்கெனவே எழுந்து நடமாட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது என்பதுதான் சங்கடம்.

வாத்தியார் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம். வழக்கம்போல முடிவு ஜெபம் எனக்கு. கண்ணை இறுக்கி மூடி, ரெண்டு கையையும் உயர்த்தி, “இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிற எங்கள் சகோதரர் தங்கையாவை இப்போதே தூக்கி நிறுத்தும் ஆண்டவரே” என்று முழங்கினேன். ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. “அண்ணே, நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன். கீழ கடைக்கு நடந்து போயி இந்த வடைய வாங்கியாந்ததே நான்தான்.”

திரும்பிப் பார்த்தால் தங்கையா, கையில் வடைப் பொட்டலம். நாலு ஞாயிறாகக் கோயிலில் எனக்கு மூன்று பெஞ்சு பின்னால்தான் உட்கார்ந்திருந்தாராம். மாடியே சிரித்தது. அவர் மனைவி லில்லி மட்டும் சிரிக்கவில்லை. தங்கையா படுத்திருந்தபோது வாரா வாரம் கோயில் வாசலில் என்னிடம், “எங்க வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்கங்கண்ணே” என்று கேட்டவர் அவர். “தெனமும் ஜெபிச்சுக்கிட்டுத்தான்மா இருக்கேன்” என்று வாரா வாரம் சொன்னவன் நான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் உன் மருமகள் எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெருமுனை வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“ஏப்பா, லில்லி அத்தைகிட்ட தெனமும் ஜெபிக்கிறேன்னு சொன்னீங்களே, அது சும்மாவா?”

“கூட்டத்துல ஜெபிக்கிறேன்ல தாயி.”

“நாலு பேரு இல்லாம நீங்க ஜெபிச்சு நான் பாத்ததே இல்லப்பா.”

“உள்ளுக்குள்ள ஜெபிக்கிறது வெளிய தெரியுமா?”

“அப்ப சாமுவேல் மாமா படுத்திருந்தப்பவும் இப்படித்தானா?”

“மழை வர்ற மாதிரி இருக்கு, வெரசா நட” என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அன்றிலிருந்து அவள் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை. “நீங்க முடிச்சிட்டுக் கூப்பிடுங்கப்பா, சாப்பிட வர்றேன்” என்று உள் அறையில் இருந்துகொள்கிறாள். கோபமாகச் சொன்னால்கூட நானும் பதிலுக்குக் கத்திவிடலாம். மரியாதையாகச் சொல்கிறாள். உன் தங்கச்சி என்னைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் கூட உட்கார்ந்த பிள்ளை, மச்சான். அவளை நான்தான் விரட்டிவிட்டேனா?

இதற்கு நடுவில் நம் போதகர் ஐயர் வேறு சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார். தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்: கிறிஸ்தவனின் அன்றாட வாழ்வில் ஜெபத்தின் நோக்கம். ஜெபத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம். ஒன்பதாம் வகுப்பை ரெண்டு தடவை படித்ததால் உன்னைவிட ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தவன் அல்லவா நான், ஒத்துக்கொண்டேன். முதல் வரியில் ஜெபம் மூச்சு மாதிரி என்று எழுதினேன். நான் மூச்சு விட்ட கணக்கைப் பார்த்தால் என்னை எப்போதோ அடக்கம் பண்ணியிருக்க வேண்டும். தாளைக் கிழித்துவிட்டேன். கட்டுரைக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு நீ தினமும் மலை ஏறினாயே, அந்த ஜீப்பு நினைவுக்கு வருகிறது. அடிவாரத்து முந்தலில் ஏற்றம் தொடங்குமுன் வண்டியை ஓரம் கட்டுவாய். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, கண்ணைத் திறந்தபடி, உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கும் பதினாலு பேரின் பெயரையும் சொல்லி, “எல்லாரையும் பத்திரமா கொண்டு போயி, பத்திரமா கொண்டாரணும் ஆண்டவரே” என்பாய். அரை நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பெண்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் பெயர் விட்டுப் போனால் சண்டைக்கு வருவார்கள்.

“இதென்ன ஜெபமா, பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கிறதா? கண்ணக்கூட மூடலயே மச்சான்” என்று கேலி செய்தேன்.

“கண்ண மூடிக்கிட்டு ஜீப்பு ஓட்டச் சொல்றியா மாப்ளே?”

“அது சரி, பேரு சொல்லலைன்னா அவருக்குத் தெரியாதாக்கும்?”

“அவருக்கு எதுக்கு? எனக்குத்தான். பேரச் சொல்லிட்டேன்னா அன்னைக்கு வளைவுல கை தானா நிதானத்துக்கு வந்துரும். சொல்லாம போன அன்னைக்கு லோடுதான் ஏத்திட்டுப் போறேன்.”

நான் சிரித்தேன். இதில் ஒரு வசனம் இல்லை, கண்ணீர் இல்லை, இது என்ன ஜெபம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு உனக்குக் கிட்னி போய், நீ ஏழு மாதம் கட்டிலில் கிடந்தாய். ஞாயிறு தவறாமல் கோயிலில் உனக்காக நான் ஜெபித்தேன். நாலு பெஞ்சுக்காரர்கள் அழுதார்கள், நானே அழுதேன். ஒருநாள் நீ கேட்டாய், “மாப்ளே, வீட்டுல எந்நேரம் எனக்காக ஜெபிப்ப?” நான் யோசிக்கவே இல்லை. “காலைல ஆறு மணிக்கு” என்று சொல்லிவிட்டேன். ஆறு மணி என்றால் கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவை வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது. “நானும் ஆறு மணிக்கு முழிச்சுக்கிறேன் மாப்ளே. நீ அங்க சொல்ற, நான் இங்க சொல்றேன். ரெண்டு பேரு சேந்து தூக்குற மாதிரி இருக்கு” என்றாய்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதலாளி என்னை எஸ்டேட்டுக்கு அனுப்பினார், ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்து எடுத்து வர. போடியிலிருந்து போனது உன் பழைய ஜீப்புதான். உன்னை அடக்கம் பண்ணிய பிறகு ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். முந்தலில் அவர் ஓரம் கட்டினார். டீக்கு என்று நினைத்தேன். சிலமலை பாண்டியம்மா, உன் ஜீப்பில் எப்போதும் முன்வரிசையில் உட்காருமே அந்த அம்மா, நெற்றி நிறையத் திருநீறோடு, “அண்ணனோட சாமி, பாத்துக்கய்யா” என்று ஆரம்பித்துப் பெயர்களைச் சொன்னது. சொல்லிக்கொண்டே வந்து என்னிடம் நின்றது.

“ஒங்க பேரு என்னண்ணே?”

“எதுக்கும்மா?”

“வண்டில ஏறிட்டீகள்ல. ஒங்கள மட்டும் விட்டுட்டுப் போக முடியுமா?”

“தேவராஜ்.”

“தேவராஜு அண்ணனையும் பத்திரமா கொண்டாரணும்” என்றது. வண்டி ஏறத் தொடங்கியது.

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற என்னை, என் காது கேட்க, பெயர் சொல்லி ஒருவர் கடவுளிடம் ஒப்படைத்தது அன்றைக்குத்தான். ஒரு மலையை என் தோளில் வைத்தது போலவும் இருந்தது, எடுத்தது போலவும் இருந்தது. வளைவுகளில் பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாண்டியம்மா விடவில்லை. நான் உனக்குச் சொந்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தது. “சாமுவேலு அண்ணன் படுத்திருந்தப்ப ஏழு மாசமும் அது பேரத்தான் மொதல்ல சொல்லுவோம். பாக்கப் போனப்ப அதுவே சொல்லுச்சு, ‘நீங்க முந்தல்ல சொல்றீக, எம் மாப்ள ஆறு மணிக்குச் சொல்றாப்ல, எனக்கென்ன கொறச்சல்’னு. அந்த மாப்ள நீங்கதானா?”

“ஆமாம்மா” என்றேன். மாப்பிள்ளை நான்தான். அது மட்டும் பொய் இல்லை.

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறேன். முழங்கால் போட்டதும் பழைய பழக்கத்தில் “சர்வ வல்லமையுள்ள” என்று தொண்டை தானாக ஏறுகிறது. கேட்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் இறங்கிவிடுகிறது. அப்புறம் எஸ்தர் பெயரைச் சொல்கிறேன், உன் தங்கச்சி பெயரை, தங்கையா, லில்லி, பாண்டியம்மா. அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரெண்டு நாள் ஒழுங்காகப் போனது, மூன்றாம் நாள் தூங்கிவிட்டேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் காலையில் பெயரைச் சொல்லிவிட்டதால், சந்தையில் லில்லியைப் பார்த்ததும் பழையபடி நழுவ முடியவில்லை. கிட்டே போய், “நான் ஜெபிக்கலம்மா, மன்னிச்சுக்க” என்றேன். அவர் கத்தரிக்காயைப் பொறுக்கிப் பையில் போட்டார். “இனிமே ஜெபிங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

ஜெபத்தின் நோக்கம் என்ன என்று ஐயர் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். கடவுளை அசைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தொண்டையைக் கிழித்தேன். அசைய வேண்டியவன் அசையவே இல்லை. உனக்கு இது ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே தெரிந்திருக்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகுமுன் எஸ்தரிடம் கொடுப்பேன். அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். மறுபடி ஜெபத்துக்கு வா என்று கூப்பிட மாட்டேன். வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

கடைசியாக உன்னைப் பார்த்த அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறு மணிக்கு நீயும் இருக்கன்னு நெனச்சாத் தெம்பா இருக்கு மாப்ளே” என்றாய். நான் தலையை ஆட்டினேன். பயத்தில்தான் தனியாக உன் பெயரைச் சொல்ல முடியவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். பாதி நாள் மறந்துபோனேன், மீதி நாள் தூங்கினேன். தொண்டை வரை வந்து, நீ சிரித்ததைப் பார்த்து நான் விழுங்கிய சொல் ஒன்றே ஒன்றுதான்:

அந்த ஏழு மாதமும் ஆறு மணிக்கு நீ தனியாகத்தான் இருந்தாய், மச்சான்.

உன் தங்கச்சி புருஷன்,
தேவராஜ்