இடப் பக்கத்து இருக்கை

ஜூன் 9, கல்பாரி

கடலுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடம் காலியானது என்று காலையில் எங்கள் கேரவனை, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் சக்கர வீட்டை, நகர்த்தினோம். தண்ணீர்க் குழாயைக் கழற்ற நான் மறந்துவிட்டேன். குழாய் பிய்ந்து, பக்கத்துக் கேரவன்காரரின் காலைச் சாப்பாட்டு மேசை முழுக்க மழை. மனிதர் நனைந்த முட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் புருஷன் நெவில்தான் போய் நேற்றுப் பிடித்த இரண்டு மடவை மீனைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தான். வந்ததும் என்னோடு சண்டை. கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிட்டான். கேரவனில் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னோர் அறை கிடையாது. கோலி என்ற ஊரில் இருந்த வீட்டை விற்று இதை வாங்கியபோது அதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஜூன் 10

காற்று. மீன் இல்லை. டப்பா பீன்ஸ்.

ஜூன் 15, டென்ஹம்

கேரவன்கள் தங்கும் எல்லாப் பார்க்கிலும் நாலு மணிக்கு ஒரு சபை கூடும். மடக்கு நாற்காலியும் பியரும் கையுமாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கையாட்டுவாள், இரண்டு பேரும் ஊர் கேட்கத் திட்டிக்கொள்வார்கள். நெவ் வந்தால் மட்டும் சபைக்கு ஏமாற்றம்தான். வாழ்நாளெல்லாம் நிலக்கரி ரயில் ஓட்டியவன். ஒரே மூச்சில் உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பான்.

இன்று கேரவனின் இடப் பக்கத்தை முழு நீளத்துக்கும் மின்கம்பத்தில் தேய்த்துவிட்டான். நான் அந்தப் பக்கம்தான் நின்று கத்தினேன், இரண்டு கையையும் வீசினேன். திரும்பவே இல்லை. இறங்கி வந்து, "கையைக் காட்டியிருக்கலாம்ல கிளென்" என்றான். சபையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பியரைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால் தேவலை.

ஜூன் 17

கடல்பாலத்தில் தூண்டில் போட்டோம். நல்ல கிழங்கான் மீன், ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் நெவ்வின் தங்கூசி நரம்பு இடப் பக்கத்துக் கிழவரின் தங்கூசியோடு இரண்டு முறை சிக்கிக்கொண்டது. மூன்றாம் முறை அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். "திடீர்னு வந்து ஒட்டி நிக்கிறானுங்க" என்று நெவ் முணுமுணுத்தான். அந்த மனிதர் நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே நின்றவர்.

ராத்திரிச் சாப்பாட்டில் மீனை மட்டும் தின்றுவிட்டு, உருளைக்கிழங்கு இல்லையா என்று கேட்டான். தட்டில் இருந்தது. சும்மா தட்டைத் திருப்பி வைத்தேன். சாப்பிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாதோ?

ஜூன் 20, கார்னார்வன்

என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நடுவழியில் பெட்ரோல் போட நின்றோம். அவன் பணம் கட்டப் போனான், நான் பின்பக்கம் கழிப்பறைக்குப் போனேன். வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை, கேரவன் இல்லை. புழுதிதான் இருந்தது. கைப்பை, செல்போன், கண்ணாடி எல்லாம் காரில். காலில் ரப்பர் செருப்பு. முதலில் நான்தான் பலமாகச் சிரித்தேன். கேரவன்காரர்களிடம் இப்படி ஒரு கதை இல்லாத தம்பதியே கிடையாது. கடைக்காரப் பெண் லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் கூப்பிட்டாள்: "வடக்கே போற வெள்ளைக் கேரவன், பச்சைக் கோடு போட்டது, பொண்டாட்டியை இங்கே மறந்துட்டுப் போயிருக்கீங்க." நெடுஞ்சாலை முழுக்கக் கேட்டிருக்கும். யாரோ ஒருத்தன், திரும்பி வராதே, தப்பிச்சுப் போயிடு என்று பதில் கொடுத்தான்.

வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். நீ தூங்கறேன்னு நெனச்சேன் என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"நான் உங்கிட்ட பேசிக்கிட்டே வந்தேன் கிளென். அடுத்த வருஷம் டாஸ்மேனியா போகலாம்னு. நீ ம்னுகூடச் சொல்லலையேன்னு கோபம் வேற வந்துச்சு."

அப்போது சிரிப்பு நின்றது.

ஜூன் 21

கம்பம் இடப் பக்கம். கிழவர் இடப் பக்கம். உருளைக்கிழங்கு தட்டின் இடப் பக்கம். நான் உட்காருவது அவனுக்கு இடப் பக்கம்.

காலையில் அவன் வெளியே உட்கார்ந்து தூண்டில் முள்ளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தேநீர்க் கோப்பையோடு போய் அவனுக்கு இடப் புறம் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினான், அடுத்ததை எடுத்தான். ஒரு பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முனகினான். தேநீர் ஆறிப்போனது.

"நெவ்" என்றேன். தூக்கிவாரிப் போட்டு, கையில் முள்ளைக் குத்திக்கொண்டான்.

ஜூன் 22

சொன்னேன். இடப் பக்கம் உனக்குத் தெரியவில்லை, டாக்டரைப் பார் என்று. சொல்லியிருக்கவே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்குச் சண்டை.

என் கண்ணை ரயில்வேயில் வருஷா வருஷம் பரிசோதித்தார்கள், ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை என்றான். ரயில்வேயை விட்டு எத்தனை காலம் ஆச்சு என்று கேட்டேன். டாக்டரிடம் போனால் லைசென்ஸைப் பிடுங்குவார்கள், அதுதான் உன் ஆசையா என்றான். இல்லை நெவ். நீ செத்துப்போகக் கூடாது, நான் சாகக் கூடாது, ரோட்டில் போகிற யாரும் சாகக் கூடாது, அதுதான் என் ஆசை. இதை அவனிடம் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன்.

ஜூன் 24

கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் இரை வாங்கப் போனோம். நான் ஓட்டுகிறேன் என்றேன். ஓட்டுநர் பக்கம் ஏறிவிட்டான். நானும் ஏறினேன். ஏன் ஏறினேன்?

கடைத்தெரு முனையில் இடது பக்கம் திரும்பினான். சைக்கிளில் ஒரு பெண். நர்ஸ் உடுப்பு, கூடையில் ரொட்டி. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலப் பக்கம் திருப்பினேன். கார் எதிர்ச் சாரியில் போய் நின்றது. நல்லவேளை, எதிரே வண்டி இல்லை. அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தாள். ரொட்டி ரோட்டில் கிடந்தது.

"எங்கிருந்து வந்தா அவ?" என்றான் நெவ்.

"அவ அங்கேதான் இருந்தா. நமக்கு முன்னாடியே போய்க்கிட்டு இருந்தா நெவ்."

எஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்து என் மடியில் வைத்தான். இறங்கிப் போய் அந்த ரொட்டியை எடுத்துத் துடைத்துத் துடைத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், பாவம். அவனுடைய தோள் குலுங்கியதை நான் காருக்குள்ளிருந்து பார்த்தேன்.

ஜூன் 26

ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் சின்ன அடைப்பு, எப்போது வந்தது என்று சொல்ல முடியாதாம். வலியே இல்லாமல் வந்து போயிருக்கிறது. கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பாதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. இருட்டாகக்கூடத் தெரியாதாம், அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாதாம். மாத்திரை உண்டு, அடுத்தது வராமல் இருக்க. போனது திரும்புமா? டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

மீன் பிடிக்கலாமா என்று கேட்டான் நெவ். தாராளமாக என்றார் டாக்டர்.

ஜூன் 27

கெர்ரியிடம் போனில் சொன்னேன். என் மகள் எதையும் பாதியில் விடமாட்டாள். அழுது முடிப்பதற்குள் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். அவளும் புருஷனும் விமானத்தில் வருவார்களாம், அவர் கேரவனை ஓட்டிக்கொண்டு பெர்த்துக்கு வருவாராம், அங்கே விற்றுவிடலாமாம். அவள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. தனிக் குளியலறை. ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போடும் கொடி.

நெவ் உடனே சரி என்றான். கல்யாணத்துக்கே உடனே சரி சொல்லாதவன்.

ஜூன் 28

நல்ல தூண்டில் கம்பைப் பக்கத்துக் கேரவன்காரருக்குக் கொடுத்துவிட்டான். இனி எதற்கு என்றானாம். அவரே தயங்கித் தயங்கி வந்து என்னிடம் சொன்னார்.

நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 30

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அடைப்பை நினைத்து இல்லை. அந்த அறையை நினைத்து. அங்கே போனால் இவன் ஒரு வருஷம் தாங்கமாட்டான். நான்? துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வேன்?

கழிப்பறைக்குப் பக்கத்து இடத்தில் லொரெய்ன் என்று ஒருத்தி இருக்கிறாள். புருஷன் போன பிறகு தானே கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். என்னைவிடக் குள்ளம். துணி துவைக்கும் இடத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன். கற்றுத் தா என்று. அவளைவிட எனக்கே ஆச்சரியம். காரை நன்றாக ஓட்டுவேன், ஆனால் கேரவனைப் பூட்டி ஒரு கெஜம்கூட ஓட்டியதில்லை. அது உனக்கு வராது என்பான் நெவ். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஜூலை 1

குதிரைப் பந்தயத் திடல் காலியாகக் கிடக்கிறது. லொரெய்னின் வண்டியில் பாடம். முன்னால் போவது சுலபம். பின்னால் போகும்போது வலப் பக்கம் திருப்பினால் கேரவன் இடப் பக்கம் போகிறது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. கேரவனும் காரும் முகத்தோடு முகம் பார்ப்பதுபோல மடங்கி நின்றுவிட்டன. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

"அழுதுக்கிட்டே ஓட்டலாம், தப்பில்ல. நானும் அப்படித்தான் பழகினேன்" என்றாள் லொரெய்ன். "கண்ணாடியை மட்டும் பாத்துக்கிட்டே அழு."

ஜூலை 3

இன்று எதிலும் இடிக்கவில்லை. வேலியை எண்ணக் கூடாது.

ஜூலை 4

நெவ்வுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ, திடலுக்கே நடந்து வந்து வேலியோரம் நின்றான். நான் ஓட்டுவதைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான். நான் வந்தபோது பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கெர்ரிதான் வர்றாளே. எதுக்கு இந்தக் கூத்து? எனக்காக ஒண்ணும் நீ கஷ்டப்பட வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்.

"உனக்காகன்னு யார் சொன்னா? எனக்குப் போகணும் கிழவா. எனக்கு இன்னும் வடக்கே போகணும், அந்தத் தெளிஞ்ச தண்ணியில காலை வெச்சுக்கிட்டு நிக்கணும். நீ வந்தா உன்னோட. வரலைன்னா உன்னைக் கெர்ரிகூட அனுப்பிட்டு நான் மட்டும் போவேன்."

பொய். அவன் இல்லாமல் பெட்ரோல் பங்க் வரைக்கும்கூடப் போகமாட்டேன். ஆனால் பொய் மாதிரி எனக்கே கேட்கவில்லை. அவன் கையில் சட்டையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்து, அந்தச் சட்டையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜூலை 5

கெர்ரியிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கத்தினாள். கத்தட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 9, கோரல் பே

வந்து சேர்ந்துவிட்டோம். இதை எழுதும்போதும் கை ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே வளைந்திருக்கிறது.

காலையில் நெவ்தான் கொக்கியைப் பூட்டினான், சங்கிலியை மாட்டினான், விளக்கு எரிகிறதா என்று சுற்றி வந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டான். நான் சாவியோடு பின்னால் நின்றேன். கதவைத் திறந்தபடியே எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் ஏறியதும் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறினான்.

முதல் ஒரு மணி நேரம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். கியரை மாற்று, வேகத்தைக் குறை, ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே? சொல்லவில்லை. மூன்று பெட்டி இழுக்கும் லாரி ஒன்று எதிரே வந்து கேரவனையே உலுக்கிவிட்டுப் போனது. அப்போதும் சொல்லவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

வழியில் நிழல் கண்ட இடத்தில் நிறுத்தினோம். அங்கே இருந்த ஓர் ஆள் நேராக நெவ்விடம் வந்து, வண்டி எப்படி இழுக்கிறது, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டார். நான் தேநீர்க் கெட்டிலோடு பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"டிரைவர் அவங்க. அவங்களைக் கேளுங்க" என்றான்.

மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை நேராக உட்கார்ந்தான். நேராக உட்கார்ந்தால் இந்த இருக்கையில் அவனுக்குத் தெரிவது வலது பாதிச் சாலையும், வலப் பக்கம் இருக்கும் நானும்தான். சாலையில் பார்க்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து,

"நீ ஓட்டும்போது நாக்கைக் கடிச்சுக்கிறே கிளென்" என்றான்.

எப்போதுமே அப்படித்தான், கடைக்குப் போகும்போதுகூட அப்படித்தான் என்றேன்.

"எனக்குத் தெரியாதே. இவ்வளவு காலமா நான் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்திருக்கேன்."

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கடைசி மேட்டில் ஏறியதும் இடப் பக்கம் கடல் தெரிந்தது. சொன்னேன். தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்கு, விளமீன் கிடைக்கும் என்றான். பிறகு என் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் வந்து சேரும் வரைக்கும் அப்படியேதான் இருந்தான்.