முதல் பெயர்க்காரர் வைக்கும் விருந்து

அன்பு மகள் ராலிட்சாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் அவ்வப்போது முனகுகிறது. பெர்கனில் மழை ஓய்ந்ததா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நல்ல சேதி ஒன்று. அம்மாவின் பல்கலைக்கழகத் துறையில் ஆய்விதழ் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டால், எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர்க்காரர் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். முதல் பெயர் எப்போதும் பேராசிரியர் ரங்கெல், பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுடுவது எப்போதும் உன் அம்மா. இந்த வௌவால் கட்டுரைக்குக் குகை குகையாக ஏறி இறங்கியது அவள், எழுதியது அவள், அந்த மனிதர் குகை வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் அவர் பெயர்தான் முன்னால். முதல் பெயராக ஒரு பெரிய கட்டுரை இல்லாமல் அவள் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது, அடுத்த வருடம் அவளுக்குப் பணி ஓய்வு வேறு. சண்டை போடு என்றேன், நீங்க சும்மா இருங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை ஏற்றுக்கொண்ட சேதி வந்தது. அன்றைய விருந்துக்கு அம்மா வெறுங்கையோடு போனாள். பனிட்சா எங்கே ஸ்லாவ்கா என்று ரங்கெல் கேட்டாராம். முதல் பேரு உங்களோடது, அடுப்பும் உங்களோடதுதானே, நாங்க சாப்பிட வந்திருக்கோம் என்றாளாம் இவள். துறையே சிரித்துவிட்டது. அட, சுடுறவங்களுக்குத்தான் முதல் பேருன்னா நீங்களே வச்சுக்கோங்க என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிவைக்க, ரொம்ப நன்றி சார் என்று இவள் அங்கேயே உட்கார்ந்து பெயர் வரிசையை மாற்றச் சொல்லி ஆய்விதழுக்கு மின்னஞ்சல் தட்டி, எல்லார் முன்னாலும் அவரையும் சம்மதம் அனுப்ப வைத்துவிட்டாள். நேற்று பதில் வந்தது, அம்மா பெயர் முன்னால். பார்த்ததும் அழுதுவிட்டேன். முதல் பெயர்க்காரியாக நேற்றே அம்மா வைத்த விருந்துக்குப் பனிட்சா சுட்டது நான்தான், ஒரு பக்கம் கருகிவிட்டது, ரங்கெல் அதையும் தின்றார்.

இப்போது உன் விஷயம். கூட வேலை செய்யறவன் என் கட்டுரையில முதல் பேரு கேக்கறான், குடுத்துட்டுப் போறேன், வேலைதானே முக்கியம்ப்பா என்று போனில் சொன்னாயே, எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் உன் அம்மா சொன்னதும் இதே பேச்சுத்தான். கொடுக்காதே. திங்கட்கிழமையே அவனிடம் பேசிவிடு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போ.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. அம்மாவும் ஒன்று எழுதச் சொன்னாள்: தலை நரைக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கல, அவ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
உன் அப்பா ஸ்டோயில்