எல்லைக்கல் வரைக்கும் தூக்கிய பெட்டி

ஏனுங்க,

காலையில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறார் என்று நானும் மகளும் கட்டிலை இழுத்தோம். அடியில் உங்கள் கீபோர்டுப் பெட்டி. தூசியைத் துடைத்ததும் பழைய சைக்கிள் டியூபின் வாசம் மூக்கில் ஏறியது. முன்பக்கக் கைப்பிடியில் நீங்கள் சுற்றிய டியூப். கோடையில் அந்த ரப்பர் இளகி உங்கள் உள்ளங்கையில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சோற்றில் கை வைக்குமுன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவுவீர்கள். பின்பக்கக் கைப்பிடியில் என் பழைய நூல் சேலைக் கிழிசல். "உன் கைக்கு ரப்பர் ஆகாது அம்மணி, கொப்புளம் போட்டுரும்" என்று நீங்களே மூன்று சுற்றுச் சுற்றித் தைத்தது. தையல் கோணல்தான். ஆனால் இன்னும் பிரியவில்லை.

நீங்கள் போய் இத்தனை வருசத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். சாமி புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எழுதவே பழகினேன். வீட்டுக் கணக்கு எழுத வரும், இது வராது. ஆனாலும் அந்தக் கிழிசலில் கை பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தொண்ணூறுகளில் கோயமுத்தூரைச் சுற்றியிருந்த மெல்லிசைக் குழுக்களில் எல்லாரும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் சின்னக் கீபோர்டுக்கு மாறியிருந்தார்கள். நீங்கள் மட்டும் எண்பத்தெட்டுக் கட்டை வைத்த முழு நீளத்தை விடவில்லை. அதற்கு ஆசாரியிடம் சொல்லிப் பலகைப் பெட்டி வேறு. ஒருநாள் தேங்காய் மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தோமே, நாற்பத்து மூன்று கிலோ. மண்டிக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "ஏனுங், இதுக்கு மட்டை உரிக்கோணுமுங்களா, அப்படியே எடுத்துக்கலாமுங்களா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த எடையை நோட்டில் எழுதி வைத்தேன். இதையெல்லாம் எதுக்கு எழுதறே என்று சிரித்தீர்கள்.

குழுவின் வேனில் ஸ்பீக்கரும் டிரம்மும் ஏறிவிட்டால் உங்கள் பெட்டிக்கு நீளம் பற்றாது. அதனால் நாம் பஸ்ஸில்தான். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் பத்து நிமிச நடை. முன்னால் நீங்கள், பின்னால் நான். டவுன் பஸ்ஸில் இன்ஜின் மேல் படுக்க வைத்து, காந்திபுரத்தில் இறக்கி, வெளியூர்ப் பஸ்ஸின் ஏணியில் நீங்கள் ஏறி இழுக்க, நான் கீழே நின்று தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் தூக்குமுன் திரும்பிப் பார்க்காமலே "ஆச்சா அம்மணி?" என்று கேட்பீர்கள். நான் "ஆச்சுங்க" என்று சொன்ன பிறகுதான் பெட்டி தரையை விட்டு எழும்பும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நிற்க எனக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பீர்கள். நான் சொல்லாமல் நீங்கள் ஒருநாளும் தூக்கியதில்லை.

காங்கேயம் பஸ்ஸில் அந்த நடத்துநர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது நினைவிருக்கிறதா? "ஏனுங்ண்ணா, உள்ள ஆளு கீது இருக்குதுங்களா?" என்று கேட்டார். நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "எங்க மாமியாருங்க. சொந்த ஊர்ல கொண்டு போயி உட்டுட்டு வரலாமுன்னு" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம். பொட்டியைச் சாக்காட்டோடு சேர்த்துப் பேசாதீங்க என்று பல்லடம் வரும்வரை உங்களோடு நான் பேசவில்லை.

ஒரு கல்யாண வரவேற்பில் உட்கார்ந்து நான் எண்ணினேன். இடக்கைப் பக்கம் கடைசியில் இருக்கும் கட்டைகளை எத்தனை தடவை தொடுகிறீர்கள் என்று. மொத்த நிகழ்ச்சிக்கும் மூன்றே தடவை. வீட்டுக்கு வந்து கேட்டேன், இந்த மூணு தடவைக்கா என் இடுப்பு ஒடியுது என்று. நீங்கள் யோசிக்கவே இல்லை. "கோயில்ல தேரை வருசத்துக்கு ஒருக்காத்தான் இழுக்கறாங்க. மத்த நாளைக்குத் தேர் எதுக்குன்னு நீ கேட்டிருக்கிறயா?" என்றீர்கள். சாமியை இழுத்து என் வாயை அடைக்க உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் வந்ததுதான் அந்தப் புடைப்பு. அடிவயிற்றில், எலுமிச்சங்காய் அளவுக்கு. துண்டை இறுக்கிக் கட்டி ஆறு மாதம் என்னிடம் மறைத்தீர்கள். கோயமுத்தூர் டாக்டர் குடலிறக்கம் என்றார். ஆபரேசன் பண்ண வேண்டும், அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது என்றார். "நோம்பி சீசன் முடியட்டுமுங்க" என்று நீங்கள் அவரிடமே தவணை கேட்டீர்கள். நான் உங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். கத்தி என்ற சொல்லுக்கே பயந்தவள், நேராக மாரியம்மனிடம் போனேன். கத்தி படாமல் அது அமுங்கிப் போகட்டும் தாயே, இந்த வருசம் கையில் தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நோம்பி தொடங்கிக் கோயில் முன்னால் கம்பம் நட்ட அன்றைக்குக் கையில் காப்புக் கட்டினேன், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு.

நம் வீதியில் கோயில் சம்பந்தமான எதற்கும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். புத்தகம் படிக்கிறவள், தெரிந்தவள் என்று. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி காப்புக் கட்டிய கையோடு தொண்டாமுத்தூர்க் கடைக்குச் சைக்கிளை எடுத்தபோது நான் வாசலிலேயே மறித்துத் திட்டினேன். "காப்புக் கட்டினவங்க எல்லை தாண்டறதா? நோம்பி முடிஞ்சு மஞ்சத்தண்ணி ஆடற வரைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் காலு வைக்கப்படாது" என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் உங்களுக்கு வால்பாறை எஸ்டேட்டில் நிகழ்ச்சி. வேன் முதல் நாளே மேலே போய்விட்டது. போகாதீங்க என்றேன். "ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் கூப்பிடறாங்க அம்மணி" என்றீர்கள். சின்னதை இரவல் வாங்கிக்கொண்டு போகலாமே என்றேன். நீங்கள் கயிற்றை எடுத்துப் பெட்டியைக் கட்டினீர்கள். நான் பழனிச்சாமியைக் கூப்பிட்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு கை பிடியுங்க என்றேன். அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "நேத்து நீங்கதானக்கா சொல்லிப்போட்டீங்க? எனக்கொண்ணுமில்லீங்க, அண்ணனுக்கே சாமிகுத்தம் வந்துச்சுன்னா?" கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னார். வீதியில் பெட்டி தூக்கக்கூடிய ஒவ்வொரு கையிலும் காப்பு இருந்தது.

எல்லைக்கல் வரைக்கும் தூக்கினோம். முந்தின மழைக்காலத்தில் யானை சாய்த்துவிட்டுப் போன கல், அப்போதும் சாய்ந்தேதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தத்துப் புளியமரம் தெரியும். பாதி வழிகூட இல்லை. நான் என் முனையை இறக்கினேன். "போதும் அம்மணி, நீ நின்னுக்கோ. உன்ற விரதம் கெட வேண்டாம்" என்றீர்கள். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டீர்கள். குனிந்து பெட்டியை நிமிர்த்தி, அடியில் தலையைக் கொடுத்தீர்கள். அப்போது பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்று கேட்டதா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"ஆச்சா அம்மணி?"

கல்லுக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்றுகொண்டு நான் சொன்னேன், "ஆச்சுங்க."

நீங்கள் தூக்கினீர்கள்.

மிச்சமெல்லாம் குழுவில் தபலா வாசித்தவர் பிறகு சொல்லித் தெரிந்தது. பொள்ளாச்சியில் பெட்டியை ஒற்றை ஆளாக ஏணியில் இழுத்து ஏற்றியிருக்கிறீர்கள். மலை ஏறும்போதே வலி ஆரம்பித்திருக்கிறது. எந்த வளைவு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும் என்று வெகுநாள் தோன்றியது. வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, சட்டை மாற்றிக்கொண்டு வாசிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி முடிந்து எழுந்திருக்க முடியவில்லை. கீழே பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது உள்ளே குடல் முறுக்கி அழுகிவிட்டது என்றார்களாம். அவர் ஒன்று சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அன்னைக்கு அண்ணன் இடதுகையைக் கடைசிக் கட்டைப் பக்கமே கொண்டு போகலீங்க அக்கா. சாஞ்சா வலிச்சிருக்கும்போல."

மூன்று தடவைகூட இல்லை.

உங்களைக் கொண்டுவந்த வண்டி எல்லைக்கல்லில் நின்றது. கம்பம் நட்டிருக்கும்போது ஊருக்குள் பிணம் வரக்கூடாது என்று பெரியவர்கள் நாலு பேர் அங்கே போய் நின்றுகொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி, ஊருக்கு ஆகாதுங்க. இங்கிருந்தே ஆத்தங்கரைக்குக் கொண்டு போயிரலாமுங்க" என்றார்கள். மகளுக்கு எட்டு வயது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காப்புக் கயிறு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். முந்தாநாள் பெட்டிக்காகப் போக மாட்டேன் என்று நின்ற அதே இடம். ஓர் அடிதான். காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வண்டிக்குள் உங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. இரண்டும் ஒரே நீளம்போல் இருந்தது. காங்கேயம் பஸ்ஸில் நான் எதற்குக் கோபப்பட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் விதி என்று இருந்திருப்பேன். இரண்டு வருசம் கழித்துக் கோயிலில் பூசாரியிடம் மனசு பொறுக்காமல் கேட்டேன், அன்றைக்கு நான் தாண்டியிருந்தால் அம்மன் என்ன செய்திருப்பாள் என்று. அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யாரு அம்மணி உங்களுக்கு அப்படிச் சொன்னது? காப்புக் கட்டினவங்க வெளியூர்ல ராத்தங்கத்தான் கூடாதுங்க. பகல்ல போயிட்டுப் பொழுதோட வந்தறலாமுங்களே. நானே டவுனுக்குப் போயித்தான் பூசைச் சாமான் வாங்கியாறேன்" என்றார்.

யார் சொன்னது? நான்தான். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று அத்தனையும் புரட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை. எங்கேயோ கேட்ட பாதியை நானே முழுசாக்கி, அதைப் பழனிச்சாமிக்கும் பாடம் நடத்தி, உங்களுக்குக் கிடைக்க வேண்டிய இரண்டு கையையும் நானே கட்டிப் போட்டிருக்கிறேன். பழனிச்சாமியிடம் இதை இதுவரை சொல்லவில்லை. கோயிலில் இன்னும் நான் கும்பிடுவதைப் பார்த்து அதேபோலக் கும்பிட்டுக்கொள்கிறார், அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று.

அம்மனை நான் விடவில்லை. எங்கே போவேன்? வருசா வருசம் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன். வேண்டுதல் ஒன்றும் வைப்பதில்லை, காப்பும் கட்டுவதில்லை. யாராவது ஐதீகம் கேட்டால் பூசாரியைக் கேளுங்க என்று சொல்லிவிடுகிறேன். நோட்டில் நாற்பத்து மூன்று கிலோ என்று எழுதிய அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே எழுதக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கீபோர்டை விற்கச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வாசிக்கவும் ஆளில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், அவளுக்கு அதில் ஆசையும் இல்லை. உங்கள் மேல் உள்ள கோபத்தில் அவள் அதைத் தொடுவதே இல்லை என்று நினைக்கிறேன். என் மேல் இருக்க வேண்டிய கோபம் அது. அவளிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சுண்ணாம்புக்காக அவள் தொட வேண்டி வந்தது. டியூப் சுற்றிய பக்கம் அவள் நின்றாள், சேலை சுற்றிய பக்கம் நான். அவள் குனிந்தாள். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றாள். "கேட்டுட்டுத் தூக்கு" என்றேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. எட்டு வயது வரைக்கும் வாசலில் நின்று கேட்டவள்தானே. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உங்களைப்போலவே திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆச்சாம்மா?"

கோணல் தையல் உள்ளங்கையில் உறுத்தியது. இந்தத் தடவை என் இரண்டு கையும் பெட்டியில்தான் இருந்தன. ஆனாலும் அந்தச் சொல் வரவில்லை. வெளியே சுண்ணாம்புக்காரர் வாளியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் கேட்டாள்.

"இன்னும் ஆகலை கண்ணு" என்றேன். "கொஞ்சம் இரு."