கரண்ட் போன பிறகும் பேசிய மைக்

அக்கா,

போன வாரம் முகப்பேரில் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில் விழா. டீச்சரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். டீச்சரம்மாவின் குரல் மட்டும் நிற்கவில்லை. முன்னை விடப் பலமாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா பாட்டி இப்டி வேர்க்குது உனக்கு? அது பேட்டரி பெட்டி. கரண்ட் இல்லன்னாலும் பேசும்” என்றாள்.

எனக்கா தெரியாது? கரண்ட் இல்லையென்றாலும் பேசும் என்பதை என்னைவிடத் தெரிந்தவள் இந்த ஊரில் யார் இருக்கிறாள், நீயும் போய்விட்ட பிறகு?

இப்போது பேட்டரி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். உன்னுடையதை நினைத்துப் பார்க்கிறேன். லாரிக்குப் போடுகிற கறுப்பு பேட்டரி, அதைச் சைக்கிள் கேரியரில் வைத்து டியூப் போட்டுக் கட்டுவாய். ஆம்ப்ளிபயர் பெட்டி ஒரு பக்கம், குழாய் ஸ்பீக்கர் ஒரு பக்கம். தள்ளிக்கொண்டு வருவாயே தவிர ஏற மாட்டாய். ஆசிட் பட்டுப் பட்டு உன் புடவைகள் எல்லாவற்றிலும் கால்பக்கம் சின்னச் சின்னப் பொத்தல். “இது இன்னாக்கா, எலி கடிச்சதா?” என்று நான் கேட்டால், “கம்பெனிக்காரன் போட்ட டிசைனு” என்பாய்.

வாங்கினவர் உன் வீட்டுக்காரர். நாலு பேர் முன்னால் “ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்லக்கூட அவருக்கு வாய் வராது. நீ பிடுங்கிக்கொண்டாய். அதிலிருந்து அம்பத்தூரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் காது குத்தல், மஞ்சள் நீராட்டு, உங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம், பூந்தமல்லி பாய் வீட்டுப் பெயர் வைக்கிற விசேஷம், எதுவானாலும் நீதான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போகிற ஊர் அது. பெரிய செட்டுக்காரர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உன் பெட்டி பாடிக்கொண்டிருக்கும்.

என் மகளுக்கு நிச்சயம் வைத்த நாளுக்கும் உன்னைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவேன்? அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒயர் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, என் நாத்தனார் மகன். எனக்கு அந்த நாத்தனாரை என்றைக்கும் பிடிக்காது. நான் கட்டிக்கொண்டு வந்த புதிதில் என் தாய்வீட்டு முறுக்கை நாய்க்குப் போட்டவள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் வந்து, “பொண்ணு சரின்னுட்டா. அவளே ஆசப்பட்டுட்டா, நீ குறுக்க பேசாத” என்றார். பெண்ணே ஆசைப்பட்ட பிறகு முறுக்கை நினைத்துக்கொண்டு நிற்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு சமையலுக்குச் சாமான் வாங்கினேன்.

காலையில் வந்து குழாயை மொட்டைமாடிச் சுவரில் தெருவைப் பார்க்கக் கட்டினாய். பெட்டியையும் பேட்டரியையும் பக்கத்துச் சந்தில் பலகை மேல் வைத்தாய். மைக்கை நீளமான ஒயரோடு உள் அறையில் கொண்டுபோய் வைத்தாய், பெண்கள் உட்கார்ந்து நலங்குப் பாட்டுப் பாடுவதற்காக. பாட்டு முடிந்ததும் டேப்பில் சினிமாப் பாட்டு. அந்த டேப் ரெக்கார்டர் மட்டும் எங்கள் வீட்டுடையது, கரண்ட்டில் ஓடுவது. இந்த ஒன்றுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் செய்தது.

உச்சி வெயில். பந்தலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறேன். கரண்ட் போனது. விசிறி நின்றது, டேப்பில் பாட்டு இழுத்துக்கொண்டு போய் நின்றது. பாட்டு நின்றதும், மைக்கும் செத்துவிட்டது என்று வீட்டில் இருந்தவர்கள் எல்லோருமே நினைத்தோம். நீ பேட்டரியில்தான் ஓட்டுகிறாய் என்பது யாருக்கும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. உள் அறையில் இருந்த பெண்கள் புழுக்கம் தாங்காமல் விசிறி மட்டையோடு வெளியே வந்துவிட்டார்கள். மகள் மட்டும் உள்ளேயே இருந்தாள். மைக் பாயில் கிடந்தது.

முதலில் முணுமுணுப்புப் போல ஏதோ கேட்டது. தெருவில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அது என் மகளின் குரல் என்று தெரிந்தது.

“எனக்கு வேணாம்பா. எத்தினி வாட்டி சொல்றது.”

“மறுபடியும் ஆரம்பிக்காத.”

“அம்மாவ கூப்புடு. நான் அம்மாகிட்ட சொல்றேன்.”

நான் சந்தைப் பார்த்தேன். நீ பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டிச் சத்தம் வைக்கிற குமிழைப் பிடித்தாய். நிறுத்தப் போகிறாய் என்று நினைத்தேன். குமிழ் திரும்பியது. என் வீட்டுக்காரர் குரல் மொட்டைமாடியிலிருந்து தெரு முழுக்கக் கொட்டியது.

“உங்கம்மா தான் இந்தச் சம்மந்தத்துக்கு ஒத்தக் கால்ல நின்னா. அவகிட்ட போய் வேணாம்னு சொல்லு, உசுர உட்டுடுவா.”

அப்புறம் அடி.

அக்கா, கன்னத்தில் விழுகிற அடி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் குழாய் வழியாக வந்த அந்த அடி வேறு. எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். பந்தலில் ஒருவர் கூட அசையவில்லை. அவள் சரி என்றதாக என்னிடம் சொன்ன வாய், நான் ஒற்றைக் காலில் நின்றதாக அவளிடம் சொல்லியிருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றுகொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனுஷன் இப்படி ஒரு சுவர் எழுப்பி வைத்திருந்தது எனக்கு ஊரோடு சேர்ந்துதான் தெரிந்தது.

எப்படி உள்ளே போனேன் என்று நினைவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், தன் குரல் எங்கிருந்து வந்தது என்று புரியாமல். மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பயந்து பார்த்தாள், அக்கா. என்னைப் பார்த்து. நான் குனிந்து மைக்கை எடுத்தேன்.

“நான் பொண்ணோட அம்மா பேசறேன். நிச்சயம் கெடையாது. சோறு ஆயிடுச்சி. எல்லாரும் சாப்ட்டு போங்க.”

வெளியே யாரோ ஒரு பெண் பெரிய குரலில் அதையே சொல்வது கேட்டது. யார் அவள் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் அது நான் என்று உறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் மைக்கில் பேசியதில்லை.

நாத்தனார் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றிவிட்டுப் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். பார்த்தேன். அதையும் மறக்கவில்லை.

பந்தி முடிந்ததும் என் வீட்டுக்காரர் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சந்துக்கு வந்தார். குரலைத் தணித்துத்தான் பேசினார். “அப்பனும் பொண்ணும் சண்ட போட்டுக்கறது எல்லா ஊட்லயும் கீது. உன் பெட்டி அத பெருசாக்கிடுச்சி. மெஷினு கோளாறுன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. நாங்க பாத்துக்கறோம்.”

நீ ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மெஷினு நல்லா தான் கீது அண்ணாத்தே. நான் தான் சத்தம் வச்சேன். வேணும்னு தான் வச்சேன்.”

“கேட்டியாடா இவ பேசறத” என்றார் ஒரு பெரியவர்.

“கேக்கலன்னா சொல்லு, மறுபடியும் மைக்குல சொல்றேன்” என்றாய்.

அன்றோடு சம்பந்தம் முறிந்தது. அன்றோடு எங்கள் தெருக்களில் உன் தொழிலும் முறிந்தது. வீட்டு விஷயத்தை ஊருக்குக் கூவுகிறவள் என்று பெயர் வைத்தார்கள். உன்னைக் கூப்பிட்டவர்களைக்கூட என் நாத்தனார் தேடிப் போய்த் தடுத்தாள். நீ வீட்டைக் காலி செய்துகொண்டு நெமிலிச்சேரிக்குப் போனாய்.

நான் வழியனுப்ப வரவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். நீ சத்தம் வைத்ததால்தான் என் மகள் தப்பித்தாள், அது எனக்குத் தெரியும். உன்னை மனசுக்குள் கும்பிட்டேன். ஆனால் அந்த அடியையும் சேர்த்துத்தானே பெரிதாக்கினாய்? என் பிள்ளை வாங்கின அடியை ஊர் முழுக்க அனுப்பினவள் நீ. உன் முகத்தை நினைத்தால் கூடவே அந்தச் சத்தம் வந்துவிடும். கும்பிடுவதும் கறுவுவதும் ஒரே ஆளிடம் என்று வருஷக்கணக்கில் இருந்தேன்.

மகள் மட்டும் உன்னை விடவில்லை. பின்னால் அவளே பார்த்துப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டபோது முதல் பத்திரிகை உனக்குத்தான். “பெரிம்மா எனக்காக வேணும்னு சத்தம் வச்சாங்க” என்று தன் புருஷனுக்கு, மாமியாருக்கு, கம்பெனியில் கூட வேலை செய்கிறவளுக்கு எல்லாம் சொல்வாள். சொல்லும்போது அவள் முகம் நிமிரும். தனக்காக ஒருத்தி ஊரையே எதிர்த்து நின்றாள் என்கிற நிமிர்வு.

நீ படுத்துவிட்டாய் என்று அவள்தான் வந்து சொன்னாள். ரயிலேறி வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய், தண்ணீர் வற்றிய குளம் மாதிரி முகம். “வாடி ரோஷக்காரி, இப்ப தான் வழி தெரிஞ்சுதா” என்றாய். காபி குடித்தோம். கேட்காமல் வரக்கூடாது என்று கேட்டே விட்டேன்.

“ஏன்க்கா அன்னிக்குக் கூட்டின? அந்த அடிய மட்டுமாவது கொறைச்சிருக்கலாம் இல்ல?”

நீ என்னை வெறித்துப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். இருமல் வந்தது.

“அடிப்பாவி. நான் கொறைக்க தான்டி போனேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“கரண்ட் போச்சே, பேட்டரி கிளிப்பு நல்லா புடிச்சிகினு கீதான்னு பாக்க பெட்டிக்குப் பின்னால போயி குந்திகினு இருந்தேன். உன் பொண்ணு கொரலு கேட்டுச்சி. பதறிப் போயி பின்னாலேர்ந்தே கைய எட்டித் திருப்புனேன். முன்னாலேர்ந்து கொறைக்கறது பின்னாலேர்ந்து கூட்டறதா போச்சு. மறுபக்கம் திருப்பறதுக்குள்ள அடி உழுந்துடுச்சி.”

சொம்பு மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினாய், முன்னால் பிடித்து ஒரு தடவை, பின்னால் பிடித்து ஒரு தடவை. நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கும்பிட்டதும் கறுவினதும், ஊர் உன்னைத் துரத்தினதும், என் மகள் நிமிர்ந்து நடப்பதும், எல்லாம் ஒரு கை தவறினதாலா?

“அப்போ ஏன் வேணும்னு வச்சேன்னு சொன்ன? கை தவறிச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் தொழிலு போயிருக்காதே.”

“உன் ஊட்டுக்காரன் இன்னா கேட்டான்? மெஷினு கோளாறான்னு கேட்டான். ஆமான்னு நான் சொல்லிட்டா, அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னதும் அந்தக் கோளாறுல சேந்துடும். அடுத்த முகூர்த்தத்துலயே புடிச்சி கட்டி வச்சிருப்பானுங்க. அவ சொன்னது நெசம்டி. அத எப்படி நான் கோளாறுங்கறது?”

“உன் பொழப்பு?”

“அம்பத்தூரு போனா இன்னா, ஆவடி இல்ல? பட்டாபிராம் இல்ல? எந்த ஊர்லடி காது குத்தாம கீறாங்க?”

வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது. கட்டில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. மகளிடம் சொல்லாதே என்று நீ கேட்கவுமில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தாயோ என்னவோ.

கைதவறினது கடவுள் செயலோ என்னவோ, அதை நான் அறியேன். ஆனால் சந்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நீ சொன்ன அந்தப் பொய், அது தவறின கை இல்லை. அதை யோசித்துச் சொன்னாய். அதைத்தான் நான் கும்பிட்டிருக்க வேண்டும். இடம் மாற்றிக் கும்பிட்டிருக்கிறேன் என்று தெரிந்த அதிர்ச்சி இன்னும் எனக்கு இறங்கவில்லை.

உன்னைக் கொண்டுபோன அன்று பழைய தெருவிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒருத்தி என் காதுபட, “நல்லவ தான். ஆனா வேணும்னே ஒரு குடும்பத்த ஊரு சிரிக்க வச்சா இல்ல” என்றாள். மகள் அழுது வீங்கின முகத்தோடு என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் வீடு தேடிப் போய்த் திருத்திவிட்டு வருகிறவள் நான். உனக்குத் தெரியும். உன்னைப் பற்றி அவள் சொன்னது தப்பு. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மகளைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு நடந்தேன்.