வயரைக் கழற்றினால் செத்துப்போகும் லெப்டொப்

ஜூலை 13, ஞாயிறு

கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மணல். வியாழன் பத்து மணிக்கு இன்டர்வியூ. கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கொழும்புக் கம்பனி, வீட்டிலிருந்தே வேலை, ஹோட்டல் புக்கிங்குக்கு இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும்.

இன்று லெப்டொப்பின் சார்ஜர் வயரைக் கழற்றியதும் பட்டென்று செத்தது. பெட்டரிப் படத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் அடையாளம். செய்து பார்த்தவை:

– ஓஃப் பண்ணி ஓன் பண்ணியது. இல்லை.
– பெட்டரியைக் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அமர்த்தி, மறுபடி மாட்டியது. இல்லை.
– அடுப்படி பிளக். அதுவும் இல்லை. கருவாட்டு நெடிதான் மிச்சம்.

வீடியோவில் ஒருவன் சொல்கிறான், நாள் முழுக்க சார்ஜில் கிடந்தால் பெட்டரி கெட்டுவிடுமாம். நாள் முழுக்கச் சார்ஜில் போடுவது யார்? சிப்னா. என் மனுசன் ரில்வானின் தங்கச்சி. தலாக் ஆகி எத்தாளை ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதம். நடு அறையும் அவளுக்கு, என் லெப்டொப்பும் அவளுக்கு. கல்யாணக் கார்ட் டிசைன் பண்ணுகிறாளாம். ஊரார் கல்யாணத்துக்குப் பூ வரைய முன் தன் கல்யாணத்தைப் பார்த்திருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"நான் கழட்டிட்டுத்தான் மதினி படுக்கிற. வல்லாஹி, எனக்கு ஒண்டும் தெரியாது."

"அல்லாஹ்வ இதுக்குள்ள இழுக்காத. தொட்ட எல்லாத்தையும் நாசமாக்குற கை. புருசன்ட வீட்டையும் இப்பிடித்தானே முடிச்சிட்டு வந்தாய்."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. ரில்வான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில்லாத மனுசன்.

பத்து மணிக்கு பேக்கோடு வந்தாள். "கனமூலைக்கு சாச்சி வீட்ட போறன் மதினி." போ என்றேன். முற்றத்தில் நின்ற மாமாவிடம், அதுதான் அவளுடைய வாப்பாவிடம், சாச்சிக்குச் சுகமில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் நடு அறையைக் கூட்டினேன். மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். நல்ல அறை. இன்டர்வியூவுக்குப் பின்சுவர் வெள்ளையாகத் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

கற்பிட்டி. ரிப்பேர் கடை. கடைக்காரர் பெட்டரியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"தங்கச்சி, இதுக்குத் தேங்காயெண்ணெய் போட்ட யாரு?"

பெட்டரி வந்து தொடுகிற தகடுகளில் பிசின், அதில் மணல், உப்பு. ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினார். வயர் இல்லாமலே ஓடியது. "பெட்டரிக்கு ஒண்டுமில்ல. பாவிச்ச ஆள் நல்லா வெச்சீக்காங்க."

எண்ணெய் போட்டது யார் என்று தெரியும். மாமா. உப்புக்காற்றுக்குப் பயந்து வெள்ளிக்கு வெள்ளி கோழி இறகும் எண்ணெய்ப் போத்தலுமாக வீட்டைச் சுற்றுகிறவர். பூட்டு, கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், தையல் மெஷின். போன மாதம் லெப்டொப்பை நீட்டியது நான். "மாமா, இதுலயும் இரும்பு ஈக்குது, துருப்பிடிக்க விட்டுடாதீங்க." பகிடிக்குச் சொன்னது. மனுசன் உண்மையாகவே பெட்டரியைக் கழற்றித் தடவியிருக்கிறார்.

பஸ்ஸில் யோசனை. சொன்னால் சிப்னா திரும்பி வருவாள். அறை போகும். அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னால் முடியாது. ரில்வானிடம் சொன்னது: "பெட்டரி முடிஞ்சி. உங்கட தங்கச்சிட வேல."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவிப்பு. நாளை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை, லைனில் முட்டுகிற மரங்களை வெட்டுகிறார்களாம். ரில்வானின் முகம் செத்துவிட்டது. "அப்ப உன்ட இன்டர்வியூ?"

"அல்லாஹ் பாத்துக்குவான்," என்றேன். சிப்னாவுக்கு நேற்று முன்தினம் சொன்னதை நினைத்தால் எனக்கே கூச்சம்.

நாளைக்கு: நீல ஷோல். ஃபோனில் டேட்டா. தண்ணீர்ப் போத்தல். அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் பார்த்தேன், மாமாவின் எண்ணெய், சத்தமே இல்லாமல் விழுகிறது.

ஜூலை 17, வியாழன்

எட்டுக்கே ரில்வான் கண்டக்குழிக்குப் போனார், லொட்ஜ் வேலைக்கு. ஒன்பதுக்கு ஃபேன் நின்றது. பெட்டரியை மாட்டினேன். 97%. தாழ்ப்பாள்.

பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை தொடங்கச் சொன்னார்கள்! மாமாவிடம் சொல்ல லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஹோலில் ரில்வான். சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது. காலடியில் லொட்ஜின் சின்ன ஜெனரேட்டர். முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, மணல் பாதையில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே என் குரல் கேட்டதால் கதவைத் தட்டவில்லையாம்.

என் கையில் லெப்டொப்பின் திரை எரிந்துகொண்டிருந்தது. வயர் இல்லை.

"கரண்ட் இல்லியே," என்றார்.

"கடையில வேற பெட்டரி ஒண்டு..."

மாமா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வேறயா? இது அந்தப் பழசுதான் மகன், இந்தா மூலையில கீறல். நான் எண்ணெய் தடவினதுதானே, எனக்குத் தெரியாதா? பாத்தியா, எப்பிடி ஓடுது! சிப்னாக்கும் சொல்லு, சந்தோசப்படுவா."

முகம் முழுக்கப் பெருமை. ரில்வான் அவரைப் பார்த்தார், பிறகு என்னை. எட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. ஜெனரேட்டரை அங்கேயே விட்டுவிட்டுக் கனமூலைக்குப் போனார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாகத் திரும்பி வந்தார்.

"சிப்னா?"

"இனி வரமாட்டாவாம்."

"என்ன சொன்னா?"

"உனக்கு இன்டர்வியூ எப்பிடிப் போச்சுன்டு கேட்டா."

கரண்ட் வந்துவிட்டது. அவர் முற்றத்தில் ஜெனரேட்டரைத் திரும்ப மோட்டார் சைக்கிளில் கட்டுகிறார். பெட்டரி இன்னும் 61%.